காப்பகத்து நாயை வீட்டுக்கு அழைத்து வருவதற்கு முன்னும் பின்னும்

காப்பகத்துக்கு நாய் பார்க்கப் போகிறவர்களில் பலர் கூண்டுக்கு வெளியே பத்து நிமிடம் நின்றுவிட்டு, உள்ளே இருக்கும் நாயின் குணத்தைத் தீர்மானித்துவிடுகிறார்கள். கம்பியில் பாய்ந்து குரைத்தது முரடு, மூலையில் சுருண்டு கிடந்தது சாது என்கிற இந்தக் கணக்கு அடிக்கடி பொய்த்துப் போகும். ஓயாத குரைப்பும், பிற நாய்களின் வாடையும், வேளைக்கு வேளை மாறும் முகங்களும், அரைகுறை உறக்கமும் சேர்ந்து எந்த நாயையும் அதன் இயல்பிலிருந்து விலக்கிவிடும். கம்பியில் பாய்ந்த நாய் அமைதியான வீட்டில் நாளெல்லாம் உறங்கக்கூடும். சாது என்று நாம் நினைத்தது பயத்தில் உறைந்து கிடந்திருக்கிறது என்பது, அது வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரத்தில் தெரியவரலாம். ஆகவே தத்தெடுக்க நினைப்பவர், கூண்டுக்கு வெளியே அந்த நாய் எப்படி இருக்கும் என்பதை அறிய என்னென்ன வழிகள் உண்டு என்றே முதலில் தேட வேண்டும்.

அவற்றில் ஆகச் சிறந்தது தற்காலிக வளர்ப்பு என்பது என் கருத்து. காப்பகத்தார் ‘ஃபாஸ்டர்’ என்று சொல்வது இதைத்தான். நாயின் உரிமை காப்பகத்திடமே இருக்கும். மருத்துவ முடிவுகளைப் பெரும்பாலும் காப்பகமே எடுக்கும், செலவையும் அதுவே ஏற்கும். இடமும் கவனிப்பும் பொறுமையும் வளர்ப்பவரின் பங்கு. இரண்டு வாரம் முதல் சில மாதங்கள் வரை இது நீளலாம். அறுவை சிகிச்சைக்குப் பின் தேறிவரும் நாய், குட்டி ஈன்ற தாய், கூண்டு வாழ்க்கை தாங்காமல் ஒடுங்கிப்போன நாய் ஆகியவற்றுக்குத்தான் இத்தகைய வீடுகள் அதிகம் தேவைப்படுகின்றன. காப்பகம் என்பதே தற்காலிகமாகத் தங்கும் இடமாக எண்ணப்பட்டதுதான். 1860-இல் லண்டனில் மேரி டீல்பி தொடங்கிய புகழ்பெற்ற நாய்க் காப்பகத்தின் தொடக்கக் காலப் பெயரிலேயே ‘தற்காலிக இல்லம்’ என்ற சொற்கள் இருந்தன. பல காப்பகங்கள் ‘முதலில் தற்காலிகமாக வைத்துக்கொள்ளுங்கள், ஒத்துவந்தால் தத்தெடுங்கள்’ என்ற ஏற்பாட்டையும் அனுமதிக்கின்றன. இதுவரை நாய் வளர்த்திராத குடும்பத்துக்கு நான் இந்த ஏற்பாட்டையே முதலில் சொல்வேன்.

வீட்டைப் பற்றிய கேள்விகளை நாயைப் பார்ப்பதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பார்த்த பின் நிதானமாக யோசிப்பவர் குறைவு. நாய்கள் சராசரியாக 10 முதல் 13 ஆண்டுகள் வாழ்கின்றன, சிறிய உடலுடையவை அதற்கும் மேலே. அத்தனை ஆண்டுகளுக்கும் காலையில் யார் எழுந்து நடக்க அழைத்துச் செல்வார், வாடகை வீடாயின் உரிமையாளர் எழுத்தில் சம்மதித்திருக்கிறாரா, வீட்டில் எவருக்கேனும் நாய் முடியால் ஒவ்வாமை வருமா, ஊருக்குப் போகும் நாட்களில் யார் பார்த்துக்கொள்வார் என்பவற்றுக்கு விடை இருக்க வேண்டும். தத்தெடுப்புக் கட்டணம் மொத்தச் செலவில் ஒரு சிறு பகுதியே. ஆண்டுதோறும் வரும் தடுப்பூசிகளும், உண்ணி, புழு மருந்துகளும், எதிர்பாராத ஒரு நோயும்தான் கையைக் கடிக்கும்.

காப்பகத்தில் கேட்க வேண்டியவை

நாய் எப்படி அங்கே வந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். தெருவிலிருந்து மீட்கப்பட்டதா, உரிமையாளர் கொண்டுவந்து விட்டதா, ஏற்கெனவே ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்ததா? திரும்பி வந்த நாயை ஒதுக்கிவிட வேண்டாம். அது ஒரு வீட்டில் எப்படி நடந்துகொண்டது என்ற தகவல், வேறெந்த நாயைப் பற்றியும் கிடைக்காத பொக்கிஷம். ஏன் திருப்பினார்கள் என்று விரிவாகக் கேளுங்கள். ‘ஒத்துவரவில்லை’ என்ற ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடாமல், எந்தச் சூழலில், யாரிடம், எத்தனை முறை என்று கேட்டால் பல நேரங்களில் காரணம் உங்கள் வீட்டில் இல்லாத ஒன்றாக இருக்கும். தினமும் உணவு வைப்பவரிடமும் கூண்டு கழுவுபவரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். அலுவலகத்துக் கோப்பில் இல்லாத செய்திகள் அவர்களிடம்தான் இருக்கும்.

வயது, இனம் இரண்டையும் தோராயமாகவே கொள்ள வேண்டும். குட்டியின் வயதைப் பற்களைக் கொண்டு ஓரளவு சரியாகச் சொல்லலாம்: பால்பற்கள் 28, நிலைப்பற்கள் 42, அவை ஏறத்தாழ ஏழு மாதத்துக்குள் முழுமையாக முளைத்துவிடும். அதற்குப் பிறகு பல் தேய்மானத்தை வைத்துச் சொல்வதெல்லாம் ஊகமே. கலப்பின நாயின் தோற்றத்தைப் பார்த்து இனம் சொல்வது இன்னும் மோசமான ஊகம். கூண்டில் மாட்டிய அட்டையில் எழுதியிருக்கும் இனப் பெயரை நம்பிக் குணத்தைக் கணிக்காதீர்கள்.

மருத்துவப் பதிவேட்டை வாய்மொழியாகக் கேட்காமல் கண்ணால் பாருங்கள். எந்தத் தடுப்பூசி எந்தத் தேதியில் போடப்பட்டது, குடற்புழு நீக்கம் எப்போது, கருத்தடை ஆயிற்றா, இதயப்புழுவுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் இரத்தப் பரிசோதனை செய்தார்களா என்பவை அதில் இருக்க வேண்டும். இதயப்புழு கொசுக்கடியால் பரவுகிறது. தொற்றி ஏறத்தாழ 6 மாதங்கள் ஆகும்வரை பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால், இன்று ‘இல்லை’ என்று வந்தாலும் ஆறு மாதம் கழித்து மீண்டும் பார்க்கச் சொல்வார்கள். மைக்ரோசிப் பொருத்தியிருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, பதிவு உங்கள் பெயருக்கும் தொலைபேசி எண்ணுக்கும் மாற்றப்பட்டதா என்று உறுதிசெய்யுங்கள். சிப் நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது. கருவியால் படிக்கும்போது ஓர் எண்ணைத் தரும், அவ்வளவே. அந்த எண்ணுக்கு எதிரே பழைய முகவரி இருந்தால் பயன் இல்லை.

முடிந்தால் வேறுவேறு நாட்களில் இரண்டு முறையாவது போய்ப் பாருங்கள். நாயைக் கூண்டுக்கு வெளியே, சத்தம் குறைந்த இடத்தில் நடத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். அங்கே நீங்கள் ஒன்றும் செய்யாமல் சற்று விலகி, பக்கவாட்டில் அமர்ந்திருங்கள். நாய் தானாக வந்து முகர்கிறதா, திடீர் ஒலி கேட்டுத் திடுக்கிட்ட பின் எவ்வளவு விரைவில் இயல்புக்குத் திரும்புகிறது என்று கவனியுங்கள். எந்த நாயும் பயப்படும். பயத்திலிருந்து மீளும் வேகம்தான் அதைப் பற்றி அதிகம் சொல்லும். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் இரண்டையும் பொது இடத்தில், சில மீட்டர் இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்திச் சென்று அறிமுகம் செய்ய வேண்டும். நேருக்கு நேர் முகத்தோடு முகம் நிறுத்துவது நாய்களின் வழக்கில் மரியாதைக் குறைவு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்முன், ஒத்துவராவிட்டால் காப்பகம் நாயைத் திரும்ப ஏற்குமா என்பதைப் படித்துப் பாருங்கள். எந்தக் காலத்திலும் திரும்ப ஏற்போம் என்று எழுதித் தரும் காப்பகம் நம்பத் தகுந்தது.

வீட்டுக்கு வரும் நாளும் அடுத்த சில வாரங்களும்

புது நாய் தப்பி ஓடும் ஆபத்து முதல் சில நாட்களில்தான் அதிகம். காப்பக வாசலில், வண்டிக் கதவு திறக்கும் நொடியில், வீட்டுக்கு யாரோ வந்து கதவைத் தட்டும்போது என்று எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். அதற்கு உங்கள் வீடு இன்னும் வீடாகவில்லை. ஓடினால் திரும்பி வர அதற்குக் காரணமும் வழியும் தெரியாது. எனவே கழுத்துப்பட்டையில் ஒரு வாரும் மார்புப்பட்டையில் இன்னொரு வாருமாக இரண்டு பிடிப்புகள் இருக்கட்டும். தொலைபேசி எண் எழுதிய வில்லையைக் காப்பகத்தை விட்டுக் கிளம்பும்முன்பே மாட்டிவிடுங்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழையும் அளவே சரி. பயந்த நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொள்ளும் என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பகத்தார் ஒரு கணக்கு சொல்வதுண்டு. முதல் மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரத்தில் வீட்டின் நடைமுறை பிடிபடுதல், மூன்று மாதத்தில் இது தன் இடம் என்ற நம்பிக்கை. இது விதி அல்ல, அனுபவக் கணக்கு. பல நாய்களுக்கு இன்னும் நீளும். ஆனால் இந்தக் கணக்கின் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டால் முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகும்: மிகக் குறைவாகச் செய்ய வேண்டும். உறவினரை அழைத்துக் காட்டுவது, குளிப்பாட்டுவது, கடைவீதிக்கு அழைத்துப் போவது எல்லாம் காத்திருக்கலாம். ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் அறையில் படுக்கை, தண்ணீர், ஒளிந்துகொள்ள ஒரு மறைவு ஆகியவற்றை வைத்து, உணவும் கழிப்பிட நடையும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் நடக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். காப்பகத்தில் கொடுத்த உணவையே முதலில் கொடுங்கள். மாற்ற விரும்பினால் 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாகப் புதியதைக் கலந்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு நிச்சயம் என்றே சொல்லலாம். முதல் நாளில் ஒரு வாய்கூட உண்ணாத நாய்களும் உண்டு. வளர்ந்த நாய் தண்ணீர் குடித்துக்கொண்டு, சோர்வின்றி இருந்தால் ஒரு நாள் பொறுக்கலாம். குட்டியாயின் பொறுக்கக் கூடாது.

நாய் உறுமுவதற்கு வெகு முன்பே பல அறிகுறிகளைத் தந்துவிடுகிறது. தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், தலையைத் திருப்பிக்கொண்டு விழியின் வெண்பகுதி தெரியப் பார்த்தல், உடலை விறைத்து அசையாமல் நிற்றல் ஆகியவை ‘விலகிப் போ’ என்பதன் மென்மையான வடிவங்கள். அவற்றைக் கண்டதும் விலகுங்கள். உறுமியதற்காக அடிக்கவோ அதட்டவோ வேண்டாம். உறுமக் கூடாது என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்த முறை எச்சரிக்கை இன்றிக் கடிக்கக்கூடும். உணவுத் தட்டைப் பாதுகாக்கும் நாயிடமிருந்து தட்டைப் பிடுங்கி ‘யார் பெரியவர்’ என்று காட்ட முயல்வது பழைய மூடப்பழக்கம். அதைவிடச் சுவையான ஒன்றைத் தட்டுக்கருகே போட்டுவிட்டு நகர்ந்து போனால், மனிதர் நெருங்குவது நன்மைக்கே என்று அது நாளடைவில் கற்றுக்கொள்ளும். சிறு குழந்தையையும் புது நாயையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. கடி பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ரேபிஸ் அறிகுறி தோன்றிய பின் கிட்டத்தட்டத் தப்ப முடியாத நோய்.

தனிமையை முதல் நாளிலிருந்தே சிறு அளவில் பழக்குங்கள். விடுமுறை எடுத்து ஒரு வாரம் முழுவதும் நாயை ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, எட்டாம் நாள் ஒன்பது மணி நேரம் பூட்டிவிட்டுப் போவது கொடுமை. அரை நிமிடம், ஐந்து நிமிடம், அரை மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். கிளம்பும்போதும் திரும்பும்போதும் ஆரவாரம் வேண்டாம்.

நோய்களைப் பற்றி

முதல் சில நாட்களுக்குள் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். காப்பகம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பல நாய்கள் ஒன்றாக வாழும் இடத்தில் தொற்று பரவும். நாய் இருமல் அங்கே சர்வ சாதாரணம். உண்மையில் அஞ்ச வேண்டியது குட்டிகளைத் தாக்கும் பார்வோ. தொற்றிய 3 முதல் 7 நாட்களில் பெரும்பாலும் வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, கடும் சோர்வு தோன்றும். சில மணி நேரத் தாமதமும் உயிரைக் குடிக்கலாம். அதன் வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும், சாதாரணச் சோப்புக்கு அசையாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு நீர் கலந்து, சுத்தம் செய்த தரையில் பத்து நிமிடம் ஊறவிட்டால் அழியும். குட்டிகளுக்குத் தடுப்பூசி 6 முதல் 8 வாரங்களில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், குறைந்தது 16 வாரம் வரை தொடர வேண்டும். ஒரே ஊசியோடு நின்றுவிட்ட குட்டி பாதுகாப்பான குட்டி அன்று. வீட்டில் வேறு நாய் இருந்தால் புதியதை இரண்டு வாரம் தனி அறையில், தனித் தட்டுகளோடு வைத்திருப்பது நல்லது.

தோல் சொறிகளில் ஒரு வகை மனிதருக்கும் தற்காலிகமாகத் தொற்றும், இன்னொரு வகை தொற்றாது. எது என்பதைத் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தே மருத்துவர் சொல்ல முடியும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், ஆகவே தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவுகட்டி, வீட்டிலுள்ள பாரசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் நாய்க்கு நஞ்சாகலாம். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சர்க்கரைக்கு மாற்றாகச் சேர்க்கப்படும் சைலிட்டால் ஆகியவையும் அப்படியே.

தற்காலிகமாக வளர்ப்பவருக்கு

உங்கள் வீட்டில் நாய் இருக்கும் நாட்கள், அதன் அடுத்த குடும்பத்துக்கான தகவல் சேகரிக்கும் நாட்களும்கூட. எதற்குப் பயந்தது, பூனையைக் கண்டபோது என்ன செய்தது, எத்தனை மணி நேரம் தனியே இருந்தது, எந்தப் பக்கம் தொட்டால் கூசுகிறது என்று தினம் இரண்டு வரி எழுதி வையுங்கள். குறைகளை மறைத்து நல்லதை மட்டும் சொன்னால் அந்த நாய் மீண்டும் கூண்டுக்கே திரும்பும். மருந்து, ஊசி எதையும் காப்பகத்தைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நள்ளிரவில் அவசரம் வந்தால் யாரை அழைப்பது, எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதை நாயை வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரிய மனமின்றித் தாமே தத்தெடுத்துக்கொள்பவர்கள் உண்டு, அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அத்தோடு அந்த வீட்டின் காலியிடம் நிரம்பிவிடுகிறது, கூண்டில் காத்திருக்கும் அடுத்த நாய்க்கு இடம் இல்லாமல் போகிறது என்பதையும் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். அனுப்புவதென்று முடிவானால், புதிய குடும்பத்தை முதலில் உங்கள் வீட்டுக்கே வரச் சொல்லி நாயைப் பார்க்கச் செய்யுங்கள். கொடுத்தனுப்பும் பையில் நான்கைந்து நாளைக்கான அதே உணவு, மருந்துகள், நீங்கள் எழுதிய குறிப்பேடு ஆகியவற்றோடு, நாய் படுத்துப் பழகிய துணியையும் வையுங்கள். துணியைத் துவைக்காமல் வையுங்கள். புது வீட்டில் முதல் இரவு அதற்குத் தெரிந்த வாசனை அது ஒன்றுதான்.