முதல் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழகத்தில் முதன்முறையாக ஆய்வில் இறங்கும் மாணவர்களின் காலத்தை மிகுதியாக விழுங்குவது, தலைப்பை அளவுக்கு மீறி விரித்துக்கொள்ளும் தவறுதான். 'சமூக ஊடகங்களும் இளைஞர்களும்' என்பது பலர் வாழ்நாள் முழுவதும் உழைக்கும் ஒரு துறை. அதை ஆய்வு வினாவாகக் கொள்ள முடியாது. படுக்கைக்குச் சென்ற பின்னும் கைப்பேசி பார்க்கும் முதலாண்டு மாணவர்கள், பார்க்காத மாணவர்களைவிடக் குறைவாக உறங்குகிறார்களா என்று கேட்டால், யாரிடம் எதை அளக்க வேண்டும், எந்த விடை வந்தால் நம் கருதுகோள் பொய்க்கும் என்பவை அந்த வினாவிலேயே தெளிவாகிவிடுகின்றன. மனிதர்களிடம் தரவு திரட்டும் இத்தகைய ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவையா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். திரட்டி முடித்த பின் அந்த ஒப்புதலைப் பெறுவது பொதுவாக இயலாது.

புதிதாக எதையேனும் சொல்லியே தீர வேண்டும் என்ற பதற்றத்தில், பிறர் செய்ததைத் திரும்பச் செய்து பார்ப்பதைத் தாழ்வாக நினைப்பது அடுத்த தவறு. அரசுக் கடன் ஆண்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய நாடுகளின் பொருளாதார வளர்ச்சி வெகுவாகக் குறைகிறது என்று பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-இல் எழுதிய கட்டுரை, அரசுகளின் சிக்கனக் கொள்கைகளுக்குச் சான்றாகக் காட்டப்பட்டு வந்தது. ஆம்ஹெர்ஸ்டில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டபோது விடை ஒத்துவரவில்லை. கட்டுரையாளர்களிடமே கேட்டுப் பெற்ற எக்செல் கோப்பில் ஐந்து நாடுகள் சராசரியிலிருந்து விடுபட்டிருந்தன. இப்பிழையோடு, சில தரவுகள் சேர்க்கப்படாததையும் சராசரியில் ஒவ்வொரு நாட்டுக்கும் எவ்வளவு எடை தருவது என்ற முறையையும் சரிசெய்து 2013-இல் ஹெர்ண்டன் குழுவினர் வெளியிட்ட கணக்கில், கடன் 90 விழுக்காட்டைத் தாண்டிய நாடுகளுக்கு −0.1 விழுக்காடாக இருந்த சராசரி வளர்ச்சி 2.2 விழுக்காடாயிற்று. எக்செல் பிழையை மூலக் கட்டுரையாளர்களும் ஒப்புக்கொண்டார்கள். தொடக்கநிலை மாணவருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி இருப்பதாக நான் கருதவில்லை.

கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டுவதும், இன்னொருவர் காட்டிய மேற்கோளை மூலத்தைப் பார்க்காமல் எடுத்தாள்வதும் பரவலாக உள்ள பழக்கங்கள். மாதிரி எத்தனை பேர், எதை அளந்தார்கள், எந்த வரம்புகளை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்பவை கட்டுரையின் உள்ளேதான் கிடைக்கும். அக்கட்டுரை பின்னர் திரும்பப் பெறப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும்: தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 1998-இல் வெளியான கட்டுரையை 'லான்செட்' மருத்துவ இதழ் 2010-இல்தான் திரும்பப் பெற்றது. படிக்கும்போதே சோட்டெரோ போன்ற இலவச மென்பொருளில் மூலங்களைக் குறித்து வைத்தால், இறுதி வாரத்தில் பக்க எண் தேடி அலைய வேண்டியதில்லை.

மூலத் தரவுக் கோப்பில் நேரடியாகத் திருத்தம் செய்யக் கூடாது. நகலில்தான் செய்ய வேண்டும். கட்டணம் கட்டினால் சில நாள்களில் வெளியிடுவதாக மின்னஞ்சலில் அழைக்கும் ஆய்விதழ்களுக்கு, நெறியாளரைக் கேட்காமல் எதையும் அனுப்பக் கூடாது.

அந்த நெறியாளரையே, வேலை முழுமை பெறும்வரை சந்திக்கத் தயங்குவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. படித்தவை, செய்தவை, எங்கே நிற்கிறோம் என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துச் சென்றால், மூன்று மாதம் கழித்துத் தெரியவரும் குறையை அவர் அன்றைக்கே சுட்டிக்காட்டிவிடக்கூடும்.