பாலியல் புகார்களைப் பட்டிமன்ற மேடையில் பேசுவது எப்படி: ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் ஒரு சர்ச்சை எழுந்தால் அது விரைவிலேயே மேடைக்கு வந்துவிடும். இரண்டு அணிகளும் ஒரு நடுவரும் கிடைத்துவிட்டால், தலைப்பு எதுவானாலும் கூட்டத்தை இரண்டரை மணி நேரம் உட்கார வைக்கும் பழக்கம் இந்த ஊருக்கு உண்டு. திரைத்துறையில் எழும் பாலியல் புகார்களையும் அப்படிப் பேச விரும்பும் கல்லூரித் தமிழ்த்துறையினர், வாசகர் வட்டத்தினர், திருவிழாக் குழுவினர் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. இந்தப் பொருளுக்குப் பட்டிமன்றம் ஏற்ற வடிவமே இல்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தலைப்பைச் சரியாக வைத்தால் அது நன்றாகவே பொருந்தும். தவறாக வைத்தால், விசாரணையில் இருக்கும் வழக்குக்குக் கைதட்டலை அளவுகோலாகக் கொண்டு தீர்ப்பு எழுதும் கூட்டமாக அது மாறிவிடும்.

ஆகவே முதல் வேலை தலைப்பு. நடுவர் கையில் உள்ள செய்திகளை மட்டும் வைத்துக்கொண்டு நேர்மையாகத் தீர்ப்புச் சொல்லக்கூடிய கேள்வியாக அது இருக்க வேண்டும். இன்னார் குற்றம் செய்தாரா என்ற கேள்விக்கு எந்த நடுவராலும் விடை சொல்ல முடியாது. சாட்சியை விசாரிக்கும் அதிகாரமோ ஆவணத்தைக் கேட்டுப் பெறும் உரிமையோ அவருக்கு இல்லை. 'மீ டூ: நியாயமா, நாடகமா' போன்ற தலைப்புகளும் வேண்டாம், ஏனெனில் அவை புகார் சொன்ன அனைவரையும் ஒரே கூண்டில் ஏற்றிவிடுகின்றன. ஆளைப் பற்றிக் கேட்காமல் முறையைப் பற்றிக் கேளுங்கள்.

அப்படி ஒரு கேள்வி நம் கண்முன்னே கிடக்கிறது. 2024 செப்டம்பர் 4 அன்று தென்னிந்திய நடிகர் சங்கம் நிறைவேற்றிய தீர்மானங்களில், பாலியல் குற்றம் விசாரணையில் உறுதியானால் குற்றம் செய்தவரைத் திரைத்துறையில் பணியாற்ற விடாமல் 5 ஆண்டுகள் தடை செய்யப் பரிந்துரைப்பது என்பதும், பாதிக்கப்பட்டவர்கள் ஊடகங்களில் பேசுவதற்கு முன் சங்கத்தின் குழுவிடம் புகார் தர வேண்டும் என்பதும் இருந்தன. இந்த இரண்டாவது தீர்மானம் பட்டிமன்றத்துக்கென்றே எழுதப்பட்டது போல இருக்கிறது: புகார் முதலில் போக வேண்டிய இடம் சங்கக் குழுவா, பொதுவெளியா? குழுவை ஆதரிக்கும் அணி, இருதரப்பையும் கேட்டு விசாரிக்கும் முறையையும், பெயர்கள் வெளியே வராத பாதுகாப்பையும், பரபரப்புக்காகப் புகாரைப் பயன்படுத்தும் ஊடகப் போக்கையும் எடுத்துப் பேசலாம். எதிரணி, வாய்ப்பைக் கொடுக்கவும் பறிக்கவும் கூடியவர்கள் நிரம்பிய அமைப்பிடமே போய் நியாயம் கேட்கச் சொல்வது எந்த அளவுக்கு நடைமுறைக்கு ஒத்துவரும் என்று கேட்கலாம். இரண்டு பக்கமும் உண்மையான வலு இருக்கிறது. நடுவர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எந்தத் தனிமனிதருக்கும் தண்டனை கிடைத்துவிடாது.

பேச்சாளர்கள் படித்துவிட்டு வர வேண்டியவற்றை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். முதலாவது, பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம். 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வகுத்த நெறிமுறைகளின் தொடர்ச்சி என்பதால், பணியிடத்திலேயே புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவை இன்னும் 'விசாகா கமிட்டி' என்றே பலர் சொல்கிறார்கள். 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் அந்தக் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு பெண்ணிடம் இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும். படப்பிடிப்புத் தளத்துக்கு இது பொருந்துமா என்ற ஐயத்துக்கு 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் ஆம் என்று பதில் சொல்லிவிட்டது.

இரண்டாவது, ஹேமா குழுவின் கதை. 2017 பிப்ரவரியில் கேரளத்தில் ஒரு நடிகை கடத்தப்பட்டுத் தாக்கப்பட்டதை அடுத்து, திரைத்துறைப் பெண்களின் கோரிக்கையை ஏற்று அம்மாநில அரசு நீதிபதி ஹேமா தலைமையில் மூவர் குழுவை அமைத்தது. நடிகை சாரதாவும் அதில் உறுப்பினர். அறிக்கை 2019 டிசம்பர் 31 அன்று அரசிடம் தரப்பட்டது. மக்கள் கைக்கு வந்தது 2024 ஆகஸ்ட் 19 அன்று, அடையாளம் தெரியக்கூடிய பகுதிகள் நீக்கப்பட்ட வடிவில். அடுத்த சில நாட்களுக்குள் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது. மலையாள நடிகர் சங்கமான 'அம்மா'வின் நிர்வாகக் குழு ஒட்டுமொத்தமாகப் பதவி விலகியது. ஓர் அறிக்கையை ஏறத்தாழ 5 ஆண்டுகள் அலமாரியில் வைத்திருந்தது பாதிக்கப்பட்டவர்களின் அந்தரங்கத்தைக் காத்ததா, துறையில் உள்ள பெரியவர்களைக் காத்ததா என்பதையே இரண்டாவது தலைப்பாக வைத்துக்கொள்ளலாம்.

பெயர்களைக் குறிப்பிடும் விதத்தில்தான் பெரும்பாலான மேடைகள் சறுக்குகின்றன. பொதுவெளியில் ஏற்கெனவே பதிவான புகாரை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். புகாரும் மறுப்பும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். எடுத்துக்காட்டாக: பாடகி சின்மயி 2018 அக்டோபரில் கவிஞர் வைரமுத்து மீது பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டை முன்வைத்தார், வைரமுத்து அதை மறுத்தார். இதற்கு மேல் ஒரு பெயரடை கூடச் சேர்க்கத் தேவையில்லை. அதே ஆண்டு நவம்பரில் டப்பிங் கலைஞர்கள் சங்கம், சந்தா செலுத்தவில்லை என்ற காரணத்தைச் சொல்லிச் சின்மயியை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியதையும், அந்தக் காரணத்தை அவர் ஏற்கவில்லை என்பதையும் எதிரணி தன் வாதத்துக்குப் பயன்படுத்தலாம். அது சங்கங்களின் அதிகாரம் பற்றிய கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. பெயரே சொல்லக்கூடாதவர்களும் உண்டு. பாலியல் வன்கொடுமையால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பணியிடக் குழுவின் விசாரணையில் உள்ள இருதரப்பாரின் பெயரையும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு காக்கிறது. 'உங்களுக்கே தெரியும், நான் பெயர் சொல்லவில்லை' என்று கண்ணடிக்கும் உத்தி கைதட்டல் வாங்கித் தரும். மேடையில் அதை அனுமதிக்கவே கூடாது.

பேச்சாளர் தேர்வில் ரசிகர் மன்றப் பொறுப்பாளர்களைத் தவிர்த்துவிட்டு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்காடும் பெண் வழக்கறிஞர் ஒருவரையாவது அழையுங்கள். பெண்கள் எல்லோரையும் ஓர் அணியிலும் ஆண்கள் எல்லோரையும் மற்றோர் அணியிலும் அமர்த்துவது பார்வைக்கு அழகாக இருந்தாலும் வாதத்தைக் கெடுத்துவிடும். பட்டிமன்றம் என்றால் சிரிப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் புகார் சொன்னவரின் தோற்றம், உடை, வயது, மணவாழ்க்கை ஆகியவற்றைத் தொடும் நகைச்சுவை வந்தால் மணி அடித்து நிறுத்துவேன் என்று நடுவர் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும்.

எந்த அணி பேசினாலும் சில வாதங்கள் தவறாமல் வரும். ஏன் இவ்வளவு காலம் கழித்துச் சொன்னார் என்பது முதலாவது. பணியிடக் குழுவிடம் 3 மாதங்களுக்குள் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதங்கள் நீட்டிக்கலாம் என்பது சட்டம். வன்கொடுமை போன்ற கடுங்குற்றங்களுக்குக் குற்றவியல் சட்டத்தில் காலவரம்பு கிடையாது. 2021 பிப்ரவரியில் பத்திரிகையாளர் பிரியா ரமணியை அவதூறு வழக்கிலிருந்து விடுவித்த தில்லி நீதிமன்றம், பல பத்தாண்டுகள் கழிந்தாலும் தான் விரும்பும் மேடையில் குறையைச் சொல்லப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்றது. அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொய்ப் புகார் என்பது அடுத்த வாதம். தீய நோக்கத்துடன் தரப்பட்டது என்று விசாரணையில் நிறுவப்பட்டால் புகார் தந்தவர் மீது நடவடிக்கை எடுக்க 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் இடம் உண்டு. நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே ஒரு புகார் பொய்யாகிவிடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நடுவர் இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

சென்னையையும் கொச்சியையும் மட்டும் பேசிவிட்டு எழுந்து போகாதீர்கள். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் திருவிழாக் காலத்தில் விடிய விடிய ஸ்பெஷல் நாடகமும் கரகாட்டமும் ஆடல் பாடல் நிகழ்ச்சியும் நடக்கின்றன. அவற்றில் ஆடுகிற, நடிக்கிற பெண்களுக்கு நிரந்தர முதலாளி கிடையாது. ஏஜெண்ட் ஒருவர் தேதி பேசுவார், ஊர்க் கமிட்டி பணம் கொடுக்கும், உடை மாற்றப் பள்ளிக்கூட வராண்டாவோ யாரோ ஒருவர் வீடோ கிடைக்கும், நள்ளிரவுக்கு மேல் வேனில் திரும்ப வேண்டும். ஆடல் பாடலுக்கு அனுமதி தரும்போது ஆபாச நடனம் கூடாது என்ற நிபந்தனை விதிப்பது வழக்கமாகிவிட்டது. ஆடுபவரின் உடையைப் பற்றி இத்தனை அக்கறை காட்டும் நாம், மேடைக்குக் கீழிருந்து நீளும் கையைப் பற்றி அதில் கால்பங்கு அக்கறையாவது காட்டலாம். நாள்கூலிக்கு வருபவரும் ஏஜெண்ட் மூலம் வருபவரும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பணியாளரே. வேலைக்காகப் போகும் இடமும், வேலை தருபவர் ஏற்பாடு செய்த வண்டியும் பணியிடமே. 10 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து வரும் புகாரையும், முதலாளி மீதே வரும் புகாரையும் விசாரிக்க மாவட்டம்தோறும் உள்ளூர்க் குழு இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். நாடகக் கலைஞர் ஒருவர் பேச்சாளராக வரச் சம்மதித்தால், அவருக்கு மற்றவர்களுக்குத் தரும் அதே தொகையைக் கொடுத்து, இரவில் வீடு சேர வண்டியும் ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி நேரத்தில் பார்வையாளர் ஒருவர் எழுந்து தனக்கு நேர்ந்ததைச் சொல்லத் தொடங்கக்கூடும். அவரைத் தடுக்காமல், ஆனால் ஒலிபெருக்கியில் பெயர்கள் வருவதற்கு முன்பே, தனியாக உட்கார்ந்து பேச ஒரு பெண் பொறுப்பாளரை அனுப்பி வைக்க வேண்டும். பெண்கள் உதவி எண் 181, மாவட்டச் சமூக நல அலுவலகம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகிய விவரங்களை அச்சிட்டு நுழைவாயிலில் வையுங்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம் என்பதையும் அதில் சேருங்கள். சொன்னவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். ஏற்பாட்டாளர்களுக்கு அதில் விருப்பத் தேர்வு கிடையாது.

நேரலை வேண்டாம். பதிவு செய்து, கேள்வி நேரத்தை முழுவதுமாக நீக்கிவிட்டு, வழக்கறிஞர் ஒருவர் ஒருமுறை பார்த்த பிறகு யூடியூபில் ஏற்றுங்கள். பின்னூட்டப் பகுதியை மூடிவிடுங்கள். முகப்புப் படத்தில் எந்த நடிகரின் அல்லது நடிகையின் படமும் வேண்டாம். நடுவரின் படமும் தலைப்பும் போதும்.