பொம்மைக் காருக்குப் பெயிண்ட் அடிக்க ஏர்பிரஷ், கம்ப்ரசர்: முதல்முறை வாங்குவோருக்கு

1:64 அளவுப் பொம்மைக் கார், அதாவது நிஜக் காரின் நீளத்தில் 64-ல் ஒரு பங்கு, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பிரஷ்ஷால் அடித்தால் கோடு கோடாகத் தெரியும். ஸ்ப்ரே கேனால் அடித்தால் கதவு இடுக்கும் கிரில்லும் பெயிண்டில் மூழ்கிவிடும். காற்றால் பெயிண்ட்டை மெல்லிய தூறலாகத் தெளிக்கும் பேனா போன்ற ஏர்பிரஷ் வாங்கும் எண்ணம் அப்போதுதான் வருகிறது. வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் ஏர்பிரஷ்ஷைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் அதற்குக் காற்றை அழுத்திக் கொடுக்கும் கம்ப்ரசரிலிருந்து தொடங்குங்கள். பணத்தில் பெரும்பங்கு அதற்கே போகட்டும்.

படி 1: கம்ப்ரசர்

நான் முதலில் வாங்கியது டேங்க் இல்லாத சின்ன கம்ப்ரசர். ஐப்பசி மழையில் ஒரு சிவப்புக் காருக்கு அடித்துக்கொண்டிருந்தேன். பாதி பானெட் முடிந்தபோது ஓஸிலிருந்து தண்ணீர் தெறித்து, அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள் விழுந்தன. இரண்டு நாள் வேலை போயிற்று. நம் கடலோர ஊர்களில் காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரியத்தான் செய்யும். அதைப் பிடித்து வைக்க மாய்ஸ்ச்சர் டிராப் வேண்டும். அது இல்லாத கம்ப்ரசரை வாங்கவே வேண்டாம்.

டேங்க்கும் முக்கியம். பிஸ்டன் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் காற்று துடித்துத் துடித்து வரும். நேராக ஓஸுக்குப் போனால் அந்தத் துடிப்பு மெல்லிய கோட்டில் அப்படியே தெரியும். 3 லிட்டர் டேங்க் அதை வாங்கிக்கொண்டு சீராக அனுப்பும். டேங்க் நிறைந்ததும் மோட்டார் தானாக நின்றுவிடும், அழுத்தம் இறங்கினால் மறுபடி ஓடும். சூடும் சத்தமும் குறையும். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கும் நேரத்தில் இதன் அருமை தெரியும்.

ஆக, எண்ணெய் ஊற்றாத பிஸ்டன் வகை, 1/6 அல்லது 1/5 ஹெச்.பி., 3 லிட்டர் டேங்க், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், மாய்ஸ்ச்சர் டிராப். நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று கொடுத்தால் தாராளம். டேங்க்கின் அடியில் வடிகால் திருகு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வேலை முடிந்ததும் தினமும் அதைத் திறந்து தண்ணீரை விட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே துருப்பிடிக்கும்.

ஏர்பிரஷ்ஷின் அடியிலேயே மாட்டும் பேட்டரி கம்ப்ரசர்களும் கிடைக்கின்றன. தொட்டுப் பழக அவை போதும். ஆனால் பலவற்றில் அழுத்தத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க முடியாது.

படி 2: ஏர்பிரஷ்

இங்கே குழம்ப ஒன்றுமில்லை. மேலே பெயிண்ட் ஊற்றும் கிண்ணம் உள்ளது, டபுள் ஆக்ஷன், 0.3 மி.மீ. நாசில் (பெயிண்ட் வெளிவரும் முனை). லீவரை அமுக்கினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட்: இதுதான் டபுள் ஆக்ஷன். விரல் பழக நான்கைந்து நாள் ஆகும். 0.2 நாசிலில் அக்ரிலிக் பெயிண்ட் சீக்கிரம் காய்ந்து அடைத்துக்கொள்ளும், புதியவர்கள் அதில் மனம் விட்டுவிடுவார்கள். நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமருக்கு 0.5 நல்லது, பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

நாசிலுக்குள் இருக்கும் ஊசியும் நாசிலும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள். ஊசி ஒருமுறை மேசையில் இடித்தாலே நுனி வளைந்துவிடும். உள்ளே இருக்கும் சீல் டெஃப்லானா, ரப்பரா என்றும் கேளுங்கள். லாக்கர் வகைப் பெயிண்ட்டைக் கரைக்கும் தின்னர் பட்டால் சாதாரண ரப்பர் உப்பிவிடும்.

படி 3: ஓஸ், இணைப்பு

பெரும்பாலான ஏர்பிரஷ்களின் அடிப்பக்கம் 1/8 அங்குல மரை. பேட்ஜர், பாஷே போன்ற அமெரிக்கக் கம்பெனிகளின் மரை வேறு, அவற்றுக்கு அடாப்டர் வேண்டும். ஏர்பிரஷ், ஓஸ் இரண்டையும் ஒரே கடையில் வாங்கி, அங்கேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

படி 4: மாஸ்க், பெயிண்ட்

தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கில் தொடங்குங்கள், அதற்கும் ஜன்னலைத் திறந்து வைத்து என்95 மாஸ்க் போடுங்கள். லாக்கர் ஆவியை என்95 தடுக்காது, அதற்குக் கரிப்பொடி கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். இன்னொன்று: பொம்மையில் ஈயம் போன்ற நச்சு உலோகங்களுக்கு ஐஎஸ் 9873 என்ற இந்தியத் தரம் வரம்பு வைத்திருக்கிறது. நாம் மேலே அடிக்கும் பெயிண்ட் அந்தச் சோதனைக்குப் போனதில்லை. எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தை கையில் இந்தக் காரைக் கொடுக்கவே கூடாது. இது அலமாரிக்கான கார்.

படி 5: வீட்டில் சோதனை

கிண்ணத்தில் வெறும் தண்ணீர் ஊற்றி அடியுங்கள். கிண்ணத்துக்குள் குமிழி வந்தால் நாசில் சரியாக உட்காரவில்லை, அல்லது விரிந்திருக்கிறது. மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அப்புறம் ரெகுலேட்டர். லீவரை அமுக்கி, காற்று போய்க்கொண்டிருக்கும்போதுதான் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்து வைக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காட்டும், அமுக்கியதும் 20க்கு இறங்கிவிடும். பிரைமருக்கு 20 முதல் 25, நிறத்துக்கு 18 முதல் 20, மெல்லிய கோட்டுக்கு 12 முதல் 15 என்று தொடங்கலாம்.

பெயிண்ட்டைப் பால் பதத்துக்குக் கரைத்து, பழைய செய்தித்தாளில் புள்ளி வையுங்கள், பிறகு கோடு இழுங்கள். முதலில் காற்று, பிறகு பெயிண்ட். நிறுத்தும்போது முதலில் பெயிண்ட், கடைசியில் காற்று. இந்த வரிசை மாறினால் கோட்டின் முனையில் சொட்டு விழும். சொட்டில்லாமல் பத்துக் கோடு வந்த பிறகு காரைக் கையில் எடுங்கள்.