பனைக்கு எந்தப் பக்கம் வெயில்?

மட்டக்களப்புக் கல்லடியில் நின்று வாவியை வரையப் பழகுகிறவர்கள், டெக்ஸ்சர் பேஸ்ட் (கன்வஸில் மேடாக எழும்பி நிற்கும் தடித்த பசை) கையில் கிடைத்ததும் கன்வஸ் முழுக்க அப்பிவிடுகிறார்கள். வானம், தண்ணீர், தோணி, கண்டல் எல்லாம் ஒரே தடிப்பு. காய்ந்த பிறகு பார்த்தால் சீமெந்து பூசிய சுவர். நானும் இரண்டு மூன்று கன்வஸை இப்படிப் பாழாக்கியிருக்கிறேன்.

எழுவான்கரை, படுவான்கரை என்று இடங்களுக்கே சூரியனை வைத்துப் பெயர் சொல்கிற ஊர் நம்முடையது. ஆனாலும் படத்தில் சூரியன் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யாமலே தொடங்குகிறோம். மற்றப் பிழைகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

சொரசொரப்பு தெரிவது வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான். காலை ஏழு மணிக்கு ஒரு பனையின் அடிமரத்தைப் பாருங்கள். வெயில் முடிந்து நிழல் தொடங்கும் ஓரத்தில் வடுக்களை எண்ணிவிடலாம். நிழலுக்குள் அவை கரைந்துவிடும். ஆகவே வெளிச்சத்தில் தடிப்பாகவும் நிழலில் மெல்லியதாகவும் பூசுங்கள். பழைய எண்ணெய் வர்ணக்காரர்களின் வழக்கம் இது. ஒல்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட் இதில் கைதேர்ந்தவர். 1638இல் ஒல்லாந்தர் நம் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தபோது அவர் ஒல்லாந்தில் வரைந்துகொண்டிருந்தார்.

பின்னேரம் படுவான்கரைப் பக்கம் சூரியன் இறங்கும்போது, அதற்கு முன்னால் நிற்கும் பனை வெறும் கறுத்த உருவம். அதில் போய் வடு வடுவாகச் செதுக்கினால் அந்திப் பொழுது போய்விடும். நடுப்பகலும் அப்படித்தான். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடும். நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். பழகுகிறவருக்கு அந்த நேரம் வேண்டாம்.

சரி, நிழலுக்கு என்ன நிறம்? கைபேசிப் படத்தைப் பார்த்து வரைகிறவர்கள் கறுப்பை எடுக்கிறார்கள். கமரா நிழலை இருட்டாக்கித்தான் காட்டும். வெட்டவெளியில் நிழலுக்குள்ளும் வானத்தின் ஒளி விழுவதால் மணலில் அது நீலம் கலந்து தெரியும். நீலத்தோடு கொஞ்சம் மண்ணிறம் கலந்து பாருங்கள், கறுப்பு டியூப் தேவைப்படாது.

பேஸ்டை ஒரே தடவையில் தடிப்பாக வைத்தால் வெடிக்கும். மெல்லிய படைகளாக வைத்து, ஒவ்வொன்றையும் காயவிடுங்கள். மாரி காலத்தில் இன்னும் பொறுமை வேண்டும். அக்ரிலிக் வர்ணம் காய்ந்ததும் ஒரு படி கறுத்துவிடும் என்பதால் வெளிச்சப் பகுதியைக் கொஞ்சம் வெளிறலாகவே கலக்குங்கள்.

அப்புறம், மாட்டும் இடம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கன்வஸில் எழும்பி நிற்கும் மேடுகளுக்கும் உண்மையான நிழல் உண்டு. படத்துக்குள் வெயில் இடப்பக்கமிருந்து வர, அறை ஜன்னல் வலப்பக்கம் இருந்தால் இரண்டு நிழலும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும். எதிர்ச் சுவரில் மாட்டிப் பாருங்கள். அங்கே அதே ஜன்னல் இடப்பக்கமாகிவிடும்.