எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். கணக்கு சரியான கதை

இரண்டு மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் வீதம் எஸ்.ஐ.பி. (மாதத் தவணை முதலீடு) கட்டுகிறேன். வருமானம் பார்க்க கூகுள் ஷீட்ஸில் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். (வெவ்வேறு தேதியில் போட்ட பணத்துக்கு ஆண்டு வருமான விகிதம் சொல்லும் சூத்திரம்) போட்டால் பிழைதான் வந்தது. கட்டிய பணம், இன்றைய மதிப்பு இரண்டையுமே கூட்டலில் போட்டிருந்தேன். கட்டியதற்கெல்லாம் கழித்தல் குறி வைத்தேன். அப்போதும் பிழை போகவில்லை.

மீதிச் சிக்கல் தேதியில். ஷீட் மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க முறையில் இருந்ததால் 15/07/2023 வெறும் எழுத்தாகக் கிடந்தது. 05/07/2023 மே மாதமாகிவிட்டது, அதுதான் ஆபத்து, கண்ணில் படாது. அமைப்புகளில் இந்தியா என்று மாற்றி, தேதிகளை மறுபடி அடித்தேன். விடை வந்தது.

ஸ்டேட்மென்ட்டில் யூனிட் மட்டும் என் கணக்கைவிடத் துளி குறைவாக இருந்தது. அது பிழையல்ல: 2020 ஜூலை முதல் ஃபண்ட் வாங்கும்போது 0.005% முத்திரைத் தீர்வை உண்டு, 5,000க்கு 25 காசு. 4,999.75-ஐ என்.ஏ.வி.யால் (ஒரு யூனிட்டின் விலை) வகுத்தேன், ஸ்டேட்மென்ட்டோடு அப்படியே ஒத்துப்போனது.