சீரியம் உலோகப் பொடியைக் கையாளும் முறை

கண்ணாடிக்கு மெருகேற்றும் பட்டறைகளில் ‘சீரியம் பொடி’ என்று வழங்கப்படுவது உண்மையில் சீரியம் என்ற உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்த சீரியம் ஆக்சைடு ஆகும். ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட அந்தப் பொடி எரிவதில்லை. தண்ணீரில் குழைத்தே அதைப் பயன்படுத்துகிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் என்ற தாதுவிலும் சீரியம் மிகுதியாக உண்டு. அங்கு அது பாஸ்பேட்டாக இருப்பதால் தீப்பற்றும் என்ற அச்சமே இல்லை. இங்கே நான் சொல்ல வந்தது இவ்விரண்டையும் பற்றியன்று, ஆக்சிஜனிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்ட சீரியம் உலோகத்தின் கருஞ்சாம்பல் நிறப் பொடியைப் பற்றியது. பெயர் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், டப்பாவில் ஒட்டியுள்ள சீட்டில் ‘ஆக்சைடு’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. உலோகப் பொடியை ஆக்சைடு என்று எண்ணித் தண்ணீரில் கொட்டுவதைவிடப் பெரிய தவறு இதில் இல்லை.

சிகரெட் லைட்டரில் இருக்கும் கல், ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903-இல் காப்புரிமை பெற்ற சீரியம்–இரும்புக் கலவையின் வழிவந்தது. சக்கரம் அதை உரசும்போது பெயர்ந்து விழும் நுண்துகள்கள் காற்றுபட்டு எரிவதையே நாம் தீப்பொறியாகக் காண்கிறோம். கல் எரியாமலிருக்க, அதிலிருந்து பிரிந்த துகள் மட்டும் எரிவதற்குக் காரணம் மேற்பரப்பின் அளவுதான். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள சீரியம் கனசதுரம், ஏறத்தாழ 6.8 கிராம் எடையும் 6 சதுர சென்டிமீட்டர் மேற்பரப்பும் கொண்டது. அதையே 10 மைக்ரான் பக்கமுள்ள துகள்களாக்கினால் மேற்பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டராகிவிடும். எடை மாறவில்லை, ஆனால் காற்றைத் தொடும் இடம் ஆயிரம் மடங்கு பெருகிவிட்டது. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு உறைபோல் ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. சீரியத்தின் ஆக்சைடோ துருப்போல உதிர்ந்து, புதிய உலோகத்தை மீண்டும் மீண்டும் காற்றுக்குக் காட்டிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே, பொடி உண்மையிலேயே தேவைதானா என்ற கேள்வியை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். உருக்கிக் கலவை செய்வதற்குக் கட்டியே போதும்; கட்டியை வாங்கி, வேண்டிய அளவை, எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுச் சூழலில் வெட்டிக்கொள்வது எவ்வளவோ பாதுகாப்பானது. பொடிதான் வேண்டுமென்றால், ஒரு சோதனைக்குத் தேவையான சில கிராம்களை மட்டும் வாங்க வேண்டும். விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று கிலோக்கணக்கில் வாங்கி அடுக்கி வைப்பதை நான் எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பொடியை ஆர்கான் நிரப்பி மூடிய கலத்திலோ ஈரம் நீக்கிய தாது எண்ணெயில் (மினரல் ஆயில்) முழுக மூழ்கவிட்டோ வைக்க வேண்டும். அமிலங்கள், ஆக்சிஜனேற்றிகள், குளோரின் போன்ற ஹாலஜன்கள், தண்ணீர்க் குழாய்கள் ஆகிய எதுவும் அதன் அருகில் இருக்கக் கூடாது. எண்ணெய் மட்டம் குறைந்திருக்கிறதா, மூடி புடைத்திருக்கிறதா என்று குறிப்பிட்ட இடைவெளியில் பார்க்க வேண்டும். ஈரம் புகுந்தால் சீரியம் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றும். 10 கிராம் சீரியம் முழுமையாக வினைபுரிந்தால் இரண்டரை லிட்டருக்கும் சற்று மிகுதியான ஹைட்ரஜன் உண்டாகும். காற்றில் 4 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றக்கூடிய வாயு அது. புடைத்த டப்பாவைத் திறந்து பார்க்க முயலாமல், அறையிலிருந்து மற்றவர்களை வெளியேற்றிவிட்டுப் பாதுகாப்பு அலுவலரை அழைக்க வேண்டும்.

கலத்தைத் திறப்பது ஆர்கான் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள் (வெளியிலிருந்தே கைவிட்டு வேலைசெய்யக் கையுறைகள் பொருத்திய மூடிய பெட்டி) மட்டுமே நடக்க வேண்டும். நைட்ரஜன் மந்தமான வாயு என்று பலரும் நம்புகிறார்கள். சூடேறிய சீரியம் நைட்ரஜனோடும் சேர்ந்து நைட்ரைடு ஆகும் என்பதால் அந்த நம்பிக்கை இங்கே உதவாது. ஆர்கான் காற்றைவிடக் கனமானது, மணமற்றது. கசிந்து தாழ்வான இடத்தில் தேங்கினால் அங்கிருப்பவர் அறியாமலேயே மூச்சடைத்து விழக்கூடும் என்பதால், அறையில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும். தீப்பொறி எழுப்பாத கருவிகளைக் கொண்டு, உரசாமலும் இடிக்காமலும், தூசி எழாதபடி மெல்ல அள்ள வேண்டும். கலமும் கரண்டியும் பெட்டியும் எர்த் இணைப்புப் பெற்றிருக்க வேண்டும். நிலைமின்னூட்டத்தின் சிறு பொறிகூட நுண்பொடியைப் பற்றவைக்கும். தீயெதிர்ப்பு மேலங்கியும் முகக்கவசமும் கட்டாயம்; பாலியெஸ்டர், நைலான் ஆடைகள் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அவற்றை உள்ளாடையாகக்கூட அணியக் கூடாது.

தீப்பற்றினால் நம் கை பழக்கத்தால் தேடுபவை எல்லாம் தவறானவை. தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் எழுந்து வெடிக்கக்கூடும். கார்பன் டைஆக்சைடை அடித்தால், எரியும் சீரியம் அதிலிருந்தே ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு தொடர்ந்து எரியும். அலுவலகச் சுவர்களில் மாட்டியிருக்கும் ஏபிசி பொடித் தீயணைப்பானும் பயன்படாது. அதன் வேகமே எரியும் துகள்களை அறையெங்கும் சிதறடித்துவிடும். உலோகத் தீக்கென்று உள்ள டி வகைத் தீயணைப்பான், அல்லது நன்கு உலர்ந்த சோடியம் குளோரைடு பொடி, அல்லது அடுப்பில் வறுத்துக் காற்றுப்புகாமல் மூடிவைத்த மணல் ஆகியவற்றுள் ஒன்று, நீண்ட கைப்பிடியுள்ள மண்வாரியோடு, பொடியைத் திறக்கும் முன்பே கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். ஆற்று மணலை அப்படியே வாளியில் வைத்திருப்பது போதாது. கைக்கு உலர்ந்ததாகத் தோன்றும் மணலிலும் ஈரம் இருக்கும். உயரத்திலிருந்து கொட்டாமல், ஓரத்திலிருந்து தொடங்கி மெல்லப் பரப்பி முழுதும் மூட வேண்டும். மூடிய பின் கிளறவே கூடாது: மேலே கரிய பொருக்கு மட்டும் தெரிய, அடியில் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கலாம். தீ சிறியதாகவும் சுற்றிலும் எரியக்கூடியது எதுவும் இல்லாமலும் இருந்தால், விலகி நின்று அது தானே எரிந்து அடங்க விடுவதே பல சமயங்களில் சரியான முடிவாகும்.

தோலில் பொடி பட்டால், உலர்ந்த தூரிகையால் துகள்களைத் தட்டி நீக்கிய பிறகே ஏராளமான தண்ணீரால் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது. உடனே 15 நிமிடமேனும் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே மருத்துவ உதவியை நாட வேண்டும். அருமண் சேர்மங்கள் கலந்த கார்பன் கோல்களுக்கிடையே மின்வில் எழுப்பி ஒளிதரும் கார்பன் வில் விளக்குகளின் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த தொழிலாளர்களின் நுரையீரலில், சீரியம் உள்ளிட்ட அருமண் தனிமங்கள் படிந்து நோயுண்டானதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எனவே எரிந்து முடிந்த வெண்புகையையும் சாம்பலையும் தீங்கற்றவை என்று எண்ணிவிடக் கூடாது.

சிந்திய பொடியை வீட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுவதும் ஈரத்துணியால் துடைப்பதும் தீயை அழைப்பதற்கு ஒப்பாகும். உலர்ந்த மணலாலோ உப்பாலோ மூடி, பொறி எழுப்பாத தகட்டால் சேர்த்தெடுத்து, உலர்ந்த தாது எண்ணெயில் மூழ்க வைக்க வேண்டும். பொடி பட்ட துணியும் கையுறையும் அதே வகைக் கழிவுதான். அவற்றைக் குப்பைத்தொட்டியில் போட்டால் சில மணி நேரம் கழித்து, ஆளில்லாத வேளையில் எரியத் தொடங்கலாம். எல்லாவற்றையும் தனிக் கலத்தில் அடைத்து, உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு, எந்தத் தேதியில் அடைக்கப்பட்டது என்று எழுதி, தீங்குதரும் கழிவுகளைக் கையாள உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். சீரியத்தின் சீவல்களுக்கும் பருபொடிக்கும் ஐக்கிய நாடுகளின் சரக்கு எண் 3078 ஆகும். ஈரம்பட்டால் தீப்பற்றும் வாயுவைத் தரும் 4.3 பிரிவில் அது வைக்கப்பட்டுள்ளது. அந்த எண்ணையும் கலத்தின் மேல் எழுதினால், வண்டியில் ஏற்றுபவருக்கும் வழியில் வரநேரும் தீயணைப்பு வீரருக்கும் தண்ணீரைத் தொடக் கூடாது என்பது ஒரே பார்வையில் தெரியும்.