ஜப்பானியக் காதல் தொடருக்குத் தமிழ் சப்டைட்டில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சப்டைட்டில் போட ஆரம்பித்த தம்பி ஒருவர் தன் முதல் எபிசோடை அனுப்பியிருந்தார். பள்ளிக்கூடக் காதல் கதை. ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது, நான் அந்தக் காலத்தில் செய்த அதே சொதப்பல். எழுத்துப்பிழை, டைமிங் எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

பெயரைத் தொலைப்பது

ஜப்பானில் கூடப் படிக்கிறவர்களைக்கூடப் பெரும்பாலும் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். 'சாத்தோ-குன்', 'சுசுகி-சான்' என்று ('குன்', 'சான்' பெயரோடு சேர்க்கிற மரியாதை ஒட்டு). சொந்தப் பெயர் வீட்டாருக்கும் நெருங்கியவர்களுக்கும்தான். ஆங்கில சப்டைட்டில் பல நேரம் இதைக் கண்டுகொள்ளாமல் முதல் காட்சியிலேயே 'ஹருகி' என்று சொந்தப் பெயரையே போட்டுவிடும். அதைப் பார்த்துத் தமிழாக்கினால் கதை போச்சு.

எனக்குப் போனது. 12 எபிசோடும் முடித்தாயிற்று. ஒன்பதாவதில் ஒரு ரயில் நிலையக் காட்சி. நாயகி நாயகனைக் கூப்பிடுகிறாள், அவ்வளவுதான். அவன் காதெல்லாம் சிவந்து, வந்த ரயிலையே விட்டுவிடுகிறான். கூட உட்கார்ந்து பார்த்த என் தங்கை கேட்டாள்: "பேரைத்தானே சொன்னா? இதுக்கு ஏன் இப்படி முழிக்கிறான்?"

ஆடியோவை மறுபடி ஓட்டினேன். எட்டு எபிசோடாக 'சாத்தோ-குன்' என்றவள் அன்றைக்குத்தான் 'ஹருகி' என்கிறாள். நானோ முதலிலிருந்தே ஹருகி, ஹருகி என்று எழுதித் தள்ளியிருந்தேன். போதாக்குறைக்கு, அவனுடைய சின்ன வயதுத் தோழி ஒருத்தி ஆரம்பத்திலிருந்தே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள். நாயகியின் வயிற்றெரிச்சலே அதுதான். என் தமிழில் இருவரும் ஒரே மாதிரி கூப்பிட்டார்கள். முழுவதையும் திரும்பப் போட வேண்டியதாயிற்று. இப்போது நினைத்தாலும் கடுப்பாக இருக்கிறது.

இத்தனைக்கும் ஆங்கிலத்துக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. மேல்வகுப்பு 'செம்பாய்'யிடம் 'தெஸ், மஸ்' சேர்த்துப் பணிவாகப் பேசியவள் ஒரு நாள் அதை விட்டுவிட்டால், நம் 'நீங்க' 'நீ' ஆக வேண்டிய இடம் அதுதான்.

'சுகி'

காதலைச் சொல்லும்போது வருகிற சொல் இது. தமிழில் 'பிடிச்சிருக்கு' போதும்.

சாக்லெட்

பிப்ரவரி 14 அன்று கொடுப்பது பெண்கள். ஆண்கள் பதிலுக்குத் தருவது மார்ச் 14-இல். 'கிரி' என்றால் மரியாதைக்குக் கொடுப்பது, 'ஹொன்மெய்' என்றால் மனசுக்குப் பிடித்தவனுக்கு. இரண்டையும் வெறும் 'சாக்லெட்' ஆக்கினால், வாங்கிக்கொண்டவன் ஏன் வாடிப்போகிறான் என்று யாருக்கும் புரியாது.

இரண்டாவது பொத்தான்

பள்ளி முடிகிற நாளில் அவன் சீருடையின் இரண்டாவது பொத்தானை அவள் கேட்பாள். நெஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பதாம். தம்பி இதற்கு மூன்று வரி விளக்கம் போட்டு, கை நீட்டி நிற்கிற அவள் முகத்தையே மறைத்துவிட்டார்.